பதினொரு கதவுகள்

குடித்தவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது. முப்பது வருடம் பப் நடத்தியதில் நான் கற்றது அவ்வளவுதான். தோளில் கை வைத்து, "போதும் கண்ணு, வீட்டுக்குப் போ" என்றால் எந்த முரடனும் போய்விடுவான். உங்கள் புதுப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், இன்ஸ்பெக்டர்.

எங்கள் ஹேவர்பி ஊரில் பதினொரு பப்கள். பப் நடத்துகிறவர்கள் சங்கத்துக்கு நான்தான் தலைவி. ஒரு பப்பில் ஒருவரைத் தடை செய்தால் மற்ற பப்களிலும் அவருக்கு இடமில்லை. அதுதான் எங்கள் ஏற்பாடு. ஆனால் போன வருடம்வரை யாரையும் தடை செய்திருக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் சந்தைச் சதுக்கத்தில் அடிதடி, உடைந்த கடைக் கண்ணாடி, வாந்தி. எல்லா பப்களையும் முன்னதாகவே மூடச் சொல்லப்போவதாக நகரசபையில் பேச்சு அடிபட்டது. உங்கள் சார்ஜென்ட் பிரிக்ஸ் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "லோரெய்ன், கூட்டம் போட்டு பிஸ்கட் தின்னது போதும். யார் மேலயாவது கைய வைங்க. இல்லன்னா நகரசபை உங்க மேல வைக்கும்" என்றார்.

சண்டை போடுவது யார் என்று ஊருக்கே தெரியும். கிரெய்க் சக்டனும் அவனுடைய ரக்பி கூட்டாளிகளும். ஆனால் அவர்கள் வந்தால்தான் என் கடை நிறையும். நிர்வாகம் என்றால் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும்.

ஆகவே தடை செய்ய வில்ஃப் டாட்டர்சாலைத் தேர்ந்தெடுத்தேன்.

வில்ஃப் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி ஈனிட் இறந்த பிறகு தினமும் சாயங்காலமானால் வந்துவிடுவார். அரை கிளாஸ் பீரோடு நெருப்புக்குப் பக்கத்தில் கடை மூடும்வரை உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யார் வந்தாலும் ஈனிட் பேச்சுதான். கேட்கிறவர்களுக்கு முகம் வாடிவிடும். அடுத்த கிளாஸ் வாங்காமலே எழுந்து போவார்கள்.

ஈனிட்டின் உயிர் பிரிந்தபோது வில்ஃப் ஆஸ்பத்திரியில் இல்லை, என் கடையில் இருந்தார். அதை என் ஒருத்தியிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தார். நான் கிரெய்க்கிடம் சொன்னேன். அதை எல்லார் முன்னாலும் வில்ஃபிடம் கேட்டால் அவன் கூட்டத்துக்கு ஒரு ரவுண்ட் பீர் இலவசம் என்றும் சொன்னேன்.

"என்ன பெருசு, பொண்டாட்டி சாகக் கெடக்கையில இங்க வந்து ஊத்திக்கிட்டு இருந்தீங்களாமே? அம்புட்டு தாகமா?"

கடையே சிரித்தது. வில்ஃப் என்னைத்தான் பார்த்தார், கிரெய்க்கை அல்ல. பிறகு கிளாஸை எறிந்தார். கிரெய்க்கின் புருவத்தில் இரண்டு தையல்.

சங்கக் கூட்டத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். "லோரெய்ன், அவன் என்ன சொன்னான்னு நீயும் கேட்டியே. சொல்லும்மா."

"ஒரு வார்த்தைக்குப் போய் கிளாஸை எறியலாமா, வில்ஃப்?" என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. இரண்டு வருடத் தடை. பதினொரு கதவுகளிலும் அவர் படம். உள்ளூர்ப் பத்திரிகை எங்களைப் பாராட்டியது. மூடும் நேரத்தில் நகரசபை கை வைக்கவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர் சதுக்கத்தை விட்டுப் போகவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாவம், உள்ள விட்டாத்தான் என்ன?" என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்படியே விட்டிருந்தால், அவர் ஏன் கிளாஸை எறிந்தார் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஜனவரியில் பனி உறைந்து கிடந்த ஒரு ராத்திரி பின்கதவைத் தட்டினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"குடிக்க ஒண்ணும் வேணாம்மா. நெருப்புக்கிட்ட பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போயிடறேன்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், கண்ணு."

ஒரு முழு பாட்டில் ரம் கொடுத்தேன். அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். "பஸ் நிறுத்தத்துல உக்காந்து இதக் குடிங்க, உடம்பு சூடாகும். வீட்டுக்குக் கொண்டுபோய் விட நான் ஆள் அனுப்புறேன்" என்றேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

கடை மூடும்போது கிரெய்க் அவரைப் பார்த்துவிட்டான். "அக்கா, பெருசு அங்க சரிஞ்சு கெடக்கு. என் வண்டியில கொண்டுபோய் விட்டுரட்டுமா?"

"வேண்டாண்டா. டாக்சிக்குச் சொல்லிட்டேன்."

நான் யாருக்கும் சொல்லவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெகுநேரம் கழித்து ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை மட்டும் உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி. அதன் பிறகு அசையவில்லை. திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தேன். நன்றாகவே தூங்கினேன்.

ஆமாம், சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை, உங்கள் ஆட்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

கிரெய்க் குடித்துவிட்டு வந்து அந்த ராத்திரியைப் பற்றி உங்களிடம் சொல்லி அழுதானாமே. அவனையும் தடை செய்யத்தான் வேண்டும். குடித்தால் அடக்கம் தெரியாதவர்களால்தான் இந்த ஊரின் பெயர் கெடுகிறது.