மாடி அறையின் முகவரி

அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் எனக்குத் தண்ணீர் இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மந்திரிகளையும் அவர்களின் எடுபிடிகளையும் கூண்டில் ஏற்றுகிற அரசு வக்கீல் வேலை அந்தக் குணத்தை இன்னும் முற்ற வைத்தது. அவர்கள் கைகுலுக்க வந்தால் ஃபைலை நீட்டிவிடுவேன்.

டிரைவரைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி கட்டும் பணத்தைத் தின்று ஏப்பம் விட்ட மந்திரிக்குக் கார் ஓட்டியவன். எந்தப் பெட்டி யார் வீட்டுக்குப் போனது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் நாள் முழுக்கக் குடைந்தும் அசையவில்லை. அன்றைக்கு அவன்மேல் மரியாதையே வந்தது. போலீஸை நம்ப முடியாது என்று, தனியாக இருக்கும் என் தங்கை வீட்டு மாடியில் அவனை ஒளித்து வைத்தேன். அவள்தான் சமைத்துப் போட்டாள்.

மந்திரியின் ஆட்கள் அவன் வீட்டுக்குப் போனார்கள். மிரட்டவில்லை. அவன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் மனைவி போனில் சொல்லி அழுதிருக்கிறாள்.

"சார், என்னை மறுபடி விசாரிக்கணும்னு மனு போட்டிருக்காங்களாமே. கூப்பிட்டா மாத்திச் சொல்லிடறேன். எனக்கு என் பொண்ணு முக்கியம் சார்," என்றான். மூக்கைச் சிந்தி, என் தங்கை வீட்டுத் திரைச்சீலையில் கையைத் துடைத்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மந்திரியைப் பார்த்தபோதுகூட இப்படி வந்ததில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சாட்சி திரும்ப வந்து பல்டி அடித்தால் வழக்கு குப்பைக்குப் போகும். வர முடியாமல் செத்துப்போனால் முதலில் சொன்னதே நிற்கும்.

மறுநாள் கோர்ட்டில் அவனுக்குப் பாதுகாப்புக் கேட்டேன். சாட்சி இருக்கும் இடத்தை மூடிய உறையில் நீதிபதியிடம் கொடுப்பதுதான் வழக்கம். நான் வாய்விட்டுச் சொன்னேன். தெரு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வீடு, வெளிப்பக்கம் மாடிப்படி. முன்வரிசையில் இருந்த மந்திரியின் மச்சான் எழுந்து வெளியே போனான்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வக்கீல் சார், இதைப் போய் இப்படிச் சொல்லலாமா? உடனே ஆளை வேற இடத்துக்கு மாத்துங்க," என்றார். மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் மாற்றிவிடுவதாகச் சொன்னேன். பாவம், மனுஷன் அசதியில் உளறிவிட்டார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

மந்திரியும் மச்சானும் ஜெயிலுக்குப் போனார்கள். டிரைவரின் மனைவி மகளோடு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா அவர் செத்தது வீணாப் போயிருக்கும் சார்," என்றாள். அவள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து, சோப்புப் போட்டுக் கழுவினேன்.

என் தங்கைதான் உங்களிடம் வந்திருப்பாள். கோர்ட்டில் முகவரியைச் சொன்ன அன்று காலையிலேயே அவளை என் வீட்டுக்கு வரவழைத்திருந்தேன். "அண்ணே, என்னை மட்டும் ஏன் கூப்பிட்டே?" என்று பிறகு ஒருமுறை கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளைக் காப்பாற்றினேன் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அவனைத் தெரிந்தேதான் காட்டிக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் கைநீட்டி ஒரு பைசா வாங்கியதில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தண்ணீர் வேண்டாம். அந்தத் தம்ளரில் யாரோ வாய் வைத்திருக்கிறார்கள்.