மிஸ் கென்ட் வீட்டில் இல்லை

என் குரல் நல்ல குரல், சார். ஐயோவாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு நடிக்க வந்த புதிதில் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலைப் புகழ்ந்ததால் விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேமரா முன்னால் நிற்க வந்தவள் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

நடிகைகள் வெளியே போயிருக்கும்போது அவர்களுக்குப் பதிலாகப் பேசுவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில்; அவர்கள் வீட்டு டெலிபோன் அடித்தால் எங்கள் போர்டிலும் சேர்ந்தே அடிக்கும். விளக்கு எரிந்ததும் ஒயரைச் செருகி, “மிஸ் கென்ட் வீடு” என்பேன். அந்த வீட்டு வேலைக்காரி மாதிரி பேச வேண்டும். சந்தா கட்டுவதே அதற்குத்தான். வேலைக்காரி இருந்தால் மார்க்கெட் இருப்பதாகத் தயாரிப்பாளர்கள் நம்புவார்கள். மார்லிஸ் கென்ட்டின் வீடு என்பது ஒரே ஓர் அறை. கட்டிலைச் சுவரோடு மடித்துச் சாத்தினால்தான் நாற்காலியை இழுக்க முடியும்.

அவள் நெப்ராஸ்காவில் பன்றி வளர்ப்பவரின் மகள். ஃப்ரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்துகொண்டு, உள்ளே சொர்க்கமே தெரிகிற மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு படத்தில் ராட்சதப் பல்லியைப் பார்த்து அலறினாள். பல்லி நன்றாக நடித்திருந்தது. இன்னொன்றில் பிணமாக வந்தாள். அதிலும் இமை ஆடியது.

தினமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுவாள்.

“ஓபல் செல்லம், யாராவது கூப்பிட்டாங்களா?”

“பல் டாக்டர் மட்டும்தான், மிஸ் கென்ட்.”

“அவர் படம் எடுக்கறாரா?”

“உங்க கடவாய்ப் பல்லைத்தான் எடுக்கணுமாம்.”

சிரிப்பாள். நல்ல சிரிப்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஒருநாள் ஒரு டைரக்டருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வீட்டுக்குள் வந்து ரிசீவரை எடுத்துவிட்டாள். “அது நம்ம வீட்டு வேலைக்காரி சார். பாவம், வயசாயிடுச்சு, காதும் சரியா கேக்காது” என்றாள். அவர் சிரித்தார். நான் கோபப்படவில்லை. வேலைக்காரி என்று சொல்லிக்கொள்வது என் வேலைதானே. எனக்கு முப்பத்தாறு வயது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மறுவாரம் அதே டைரக்டரின் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய படம், கதாநாயகியின் தங்கை வேஷம், மறுநாள் காலை ஸ்கிரீன் டெஸ்ட். சாயங்காலம் அவள் கேட்டபோது, “யாரும் கூப்பிடலை” என்றேன். போயிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்த அவமானத்தை மிச்சப்படுத்தினேன்.

பிறகு அது சுலபமாக வந்தது. அவள் வீட்டில் இருந்தாலும் நான் முந்திக்கொண்டு எடுத்து, கூப்பிட்டவர்களிடம், “காலையிலேயே குடிச்சிட்டுப் படுத்திருக்காங்க சார், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். நான் நடித்த ஒரே வேஷம், பிரமாதமாக எடுபட்டது. இந்த ஊரில் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. வேஷம் பிடித்துக் கொடுக்கிற தன் ஏஜென்ட்டை அவளே நேரில் போய்ப் பார்த்தாள். அவனிடமும் நான் அதையே சொல்லியிருந்தேன். குடிகாரியை முகத்துக்கு நேரே குடிகாரி என்பது இங்கே நாகரிகமில்லை. “பார்க்கலாம் தங்கம்” என்றானாம். பத்து வருஷம் அவள் சம்பாத்தியத்தில் சுருட்டுப் பிடித்தவன்.

அப்புறம் ஒரு நாளில் பல தடவை கூப்பிட ஆரம்பித்தாள்.

“போன் ரிப்பேரா, ஓபல்?”

“நல்லாத்தான் இருக்கு, மிஸ் கென்ட்.”

“அப்ப நான்தான் ரிப்பேர்.”

டின்னில் அடைத்த பீச் பழம்தான் ராத்திரிச் சாப்பாடு என்பதும், சின்ன வயதில் அவள் பெயர் வைத்து வளர்த்த பன்றிக்குட்டிகளும் எனக்கு அத்துப்படி. வேறு யாரிடம் சொல்லியிருப்பாள்? நான் ஒரு தடவைகூட அவசரப்படுத்தியதில்லை.

நீங்கள் கேட்கிற அந்த மதியத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவள் நாக்கு நிஜமாகவே குழறியது.

“ஓபல் செல்லம், மாத்திரை நிறைய போட்டுட்டேன். இப்ப பயமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடேன்.”

“தகவல் சேர்த்துடறேன், மிஸ் கென்ட்” என்று சொல்லி ஒயரை உருவினேன். சேர்க்கவில்லை. டாக்டர் நம்பர் என் கண்ணெதிரே ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் விளக்கு எரிந்தது. ஏஜென்ட். சோப்பு விளம்பரம் ஒன்று இருக்கிறதாம், சிரித்தால் போதுமாம். “தூங்கறாங்க சார், எழுப்ப வேணாம்னு சொல்லியிருக்காங்க” என்றேன். “அப்ப வேற பொண்ணைப் பார்க்கறேன்” என்றான்.

ஆமாம் சார், நான்தான் அவளைச் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவள் டயலில் பூஜ்யத்தைச் சுழற்றி எக்ஸ்சேஞ்சில் சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். பக்கத்து அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். சாகப் பயந்த நேரத்தில் யாராவது வேலைக்காரியைக் கூப்பிடுவார்களா, சார்? ரொம்ப நெருங்கின தோழியைத்தான் கூப்பிடுவார்கள்.