புகை நாற்றம் இல்லாத கார்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பெரியவர் காணை கிராமத்துப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறவர், மற்றவன் அவர் மனைவியின் தம்பி என்று பேச்சிலேயே தெரிந்தது.

“புகை நாத்தமே இல்லாத காரு ஒண்ணு வாங்கணும் மச்சான். கரண்டுல ஓடுதே, அது” என்றார் பெரியவர்.

தம்பி சிரித்தான். “உங்க ஊர்ல ஃபேனே ஒழுங்கா சுத்த மாட்டேங்குது மாமா. சார்ஜ் எங்க போடுவீங்க?”

“மோட்டார் கொட்டாய்ல போட்டுக்கினா போச்சு.”

“இப்ப அத வாங்கறவன்லாம் பணக்காரன். பேட்டரிதான் வெலையே. நம்மள மாதிரி ஆளுங்க வாங்க ஆரம்பிச்சா தானா எறங்கும். அஞ்சு வருஷம் பொறுங்க.”

“எறங்கட்டும்னு எல்லாரும் குந்திக்கினு இருந்தா, யாரு வாங்கி எறங்கறது?”

“அப்பிடி என்னா மாமா அவசரம்?”

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கேன்சருக்கு மருந்து ஏத்துனதுலேர்ந்து உங்கக்காவுக்குப் புகை நாத்தம் ஆவல. ஆஸ்பத்திரிக்கு எதுல கூட்டிக்கினு போனாலும் வழியெல்லாம் வாந்தி. ஒரு வருஷம் தாண்டறதே கஷ்டம்னுட்டாரு டாக்டரு.”

தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும். காரு வாங்கிடலாம்னு அவகிட்டயும் சொன்னேன். வெல எறங்கட்டும், அப்பறம் வாங்கிக்கலாம்ங்கறா.”