தவளைக்கு ஒரு பேனர்

– கண்ணு ரெண்டும் பளிச்சுனு தெரியுதா பாரு பாப்பா. பத்தடிக்கு எட்டடி போடறன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கறவன் இந்தத் தவளை மூஞ்சிலதான் முழிக்கணும்.

– ஐயோ, நெசத்துல அது என் கட்டவெரல் நகம் அளவுதாண்ணா இருக்கும்.

– இருக்கட்டுமே! நம்ம கடையில காதுகுத்துக்கே பத்தடி அடிக்கறோம். இது என் தங்கச்சி கண்டுபுடிச்ச தவளை.

– அதப் பாக்கணும்ணா நீ. மேகம் எறங்கற காட்டுல எலைக்கு அடியில ஒட்டிக்கினு இருக்கும். கொளம் குட்ட எதுவும் வேணாம், அந்த ஈரத்துலயே முட்ட வெக்கும். தலப்பிரட்டையா நீந்தறதே கெடையாது. முட்டைக்குள்ளயே வாலு கரைஞ்சி, முழுத் தவளையா வெளிய வரும். மொத தடவ பாத்தப்ப அழுதுட்டன்.

– அட்டப்பூச்சி கடிச்சி அழுதிருப்ப.

– அதுவும்தான். பக்கத்து மலையிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குது. ரெண்டும் ஒண்ணுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. நான் ராத்திரியெல்லாம் சத்தத்தப் பதிவு பண்ணன். அது டிக் டிக்குங்குது, இது ட்ரீ...க்னு இழுக்குது. அப்பறம் மரபணுவும் பாத்தோம். வேற இனமேதான்.

– கோட்ட கட்டுன ராஜாவுக்குக் கூட இப்டி அமையல! ‘கலைவாணித் தவளை’ன்னு ஒலகம் பூரா உன் பேரச் சொல்லப் போறான். சரி, கீழ ‘இவண்’ போடணும். அண்ணன் தேவேந்திரன், அண்ணி பாரதி, சிங்கவரம்...

– தவளைக்கும் இவண் உண்டுண்ணா. அதும் பேருக்குப் பின்னாலயே, கட்டுரை எழுதிப் பேர் வெச்சவங்க பேரயும் எழுதுவாங்க. எந்த புஸ்தகத்துல எழுதுனாலும் கூடவே வரும்.

– அதுல உன் பேரு இருக்குதில்ல?

– இல்ல. தன் பேரத் தானே வெச்சிக்கறத அசிங்கம்பாங்க. யார் பேர வெக்கறமோ அவங்க அந்த வரிசையில நிக்கக்கூடாது. எங்க கைடு சார்தான் சொன்னாரு. ‘உன் பேரயே வெச்சி மரியாத பண்றோம்மா, கட்டுரையிலருந்து நீ ஒதுங்கிக்க’ன்னு.

– கட்டுரை இல்லன்னா உன் டாக்டர் பட்டம்?

– மறுபடி மொதல்லருந்து.

– அவரு அந்தக் காட்டுக்கு வந்தாரா?

– ஒரு தடவ வந்தாரு. மழன்னு ஜீப்ப விட்டு எறங்கல.

– அடப்பாவி! மாலயப் போட்டு ஓரமா ஒக்கார வெக்கறாரு பாப்பா உன்ன. போட்டோவுல சிரிக்கறவன் சும்மா, இவண்ல இருக்கறவன்தான் பேனர் வெச்சவன். இவண்ல பேரு வுட்டுப்போச்சின்னு இந்தக் கட வாசல்ல சட்டயப் புடிச்சிக்கினவன எல்லாம் பாத்திருக்கன்.

– தெரியுதுண்ணா. ஆனா நீ இவ்ளோ சந்தோஷமா இருக்கறப்ப எப்டிச் சொல்றது? வேணாம்னா, மரியாத தெரியாதவன்னுவாரு. பட்டத்துக்குக் கையெழுத்தும் அவருதான் போடணும். இன்னிக்கே பதில் கேக்கறாரு.

– என் சந்தோஷத்தத் தூக்கி ஏரியில போடு. நீ பட்ட பாட்ட வுட்டுக் குடுக்காத. மரியாதையாவே சொல்லு. இந்தா போனு.

– இரு... ஹலோ சார், வணக்கம், கலைவாணி பேசறேன். யோசிச்சுப் பாத்தேன் சார். அவ்ளோ பெரிய மரியாதைக்கு எனக்கு வயசு பத்தாது. தவளைக்கு உங்க பேரையே வெச்சிடலாம் சார். கட்டுரையில நான் நின்னுக்கறேன்.