வளையல் சத்தத்துக்கும் அசையாத பிள்ளை

அல்வாலிலிருந்து சிகந்தராபாத் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோ. என் எதிர் சீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவள் மாமியாரும். காலடியில் இரண்டு சூட்கேஸ். முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கியிருந்த அந்தப் பெண், கையை வயிற்றோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

“நேத்து இந்தச் சத்தத்துக்கு அப்படித் துள்ளுச்சு அத்தை. காலையிலேருந்து அசைவே இல்ல.”

“வளைகாப்பு அலைச்சல். உள்ள பிள்ளை அசந்து தூங்குது. விடிஞ்சா சென்னை. உங்கம்மா டாக்டர்கிட்ட காட்டிக்குவாங்க.”

“விடியிற வரைக்கும் எப்படி இருக்கிறது? இங்க டாக்டரே இல்லையா?”

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். வழியனுப்புற அன்னிக்கு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா, உங்க சனம் எங்களை என்ன பேசும்?”

“பிரசவம் அங்கயே நடக்கட்டும். பயம் எனக்கு இங்க வந்திருக்கே!”

“ட்ரெயின் போயிடும்டி.”

“போகட்டும். சூட்கேஸை வேணா ஏத்தி அனுப்புங்க. நான் என் பிள்ளையோட இறங்கிக்கிறேன்.”

டிரைவரின் தோளைத் தட்டி, “அன்னா, ஆஸ்பத்ரி தெக்கர ஆப்பண்டி” என்றாள். வழியிலிருந்த ஆஸ்பத்திரி எதிரே ஆட்டோ நின்றது. வளையல்கள் குலுங்க இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

மாமியார் இரண்டு சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். “ஏய், நில்லுடி! ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டா என்ன பண்ணுவ?”

“அதைக் கேக்கத்தானே அத்தை போறேன்!”