எழுத்து சாயும் பக்கம்

"இன்னாமா, இந்த எழுத்து வீட்டை வுட்டு ஓடுது?"

ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டியதும் எதிர் சீட்டுப் பெரியவர் இப்படிக் கேட்டார். கேட்டது தன் பக்கத்திலிருந்த பெண்ணை. பங்காருபேட்டை போர்டு கடையில் டிசைனர் அவள். அவள் செய்து கொடுத்து, அவர் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்த பெயர்ப்பலகை அவர் மடியில் இருந்தது.

"நீங்கதானே அங்கிள் இந்த எழுத்தைக் கேட்டீங்க? தடியா, அடியில பட்டையா பாதம் வெச்சு?"

"ஆமா. ஷிப்டுக்குப் போறவன் பூட்ஸ் போட்ட மாதிரி இருந்துச்சு, புடிச்சுது. சாஞ்சிருக்கறது மாட்டினப்புறம்தான் தெரிஞ்சுது."

"ஜெர்சிக்கு, ஜிம் போர்டுக்குப் போடற எழுத்து அது. வேகமா தெரியத்தான் சாய்ச்சிருக்காங்க."

"வேகமாத்தான் போறா. கதவுலருந்து நேரா ரோட்டுக்கு."

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். வலது பக்கம் சாய்ந்த கொட்டை ஆங்கில எழுத்தில் சரோஜா என்று ஒரே பெயர்.

"ஆன்ட்டி இன்னும் பெங்களூர்லயா?"

"பேரன் ஸ்கூல்ல சேர்ற வரைக்கும்னு சொன்னா. சேந்துட்டான். இப்ப ரெண்டாங்கிளாஸ்."

அவள் குனிந்து பலகையின் எழுத்தை விரலால் தடவினாள்.

"இந்தப் பக்கமா, வீட்டைப் பாத்து சாய்ச்சுக் குடேன்மா," என்றார் அவர்.

"இடது பக்கம் சாஞ்சா படிக்கவே நல்லாருக்காது அங்கிள். கதவுக்கு எந்தப் பக்கம் மாட்டியிருந்தீங்க?"

"வலது பக்கம்."

"இடது பக்கம் மாட்டுங்க. உள்ள வர்ற மாதிரி தெரியும்."

பங்காருபேட்டை வந்தது. அவள் எழுந்தாள். அவர் பலகையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"தெரிஞ்சா போதும்மா."