ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை

கூடாரம் கட்டப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை. பெரும்பாலானவர்கள் பார்ப்பது, எந்தப் பக்கம் நின்றால் போட்டோ நன்றாக விழும் என்பதை. என் கணவர் இரண்டாவது ரகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான், சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, விபத்து என்று நீங்கள் எழுதி மூடிவிட்ட கேஸை நானாக வந்து திறக்கச் சொன்னதும் உங்கள் முகம் கொஞ்சம் சுருங்கியது. முடிந்த வேலையை மறுபடி இழுத்துப் போடுவது யாருக்குத்தான் பிடிக்கும். "துக்கத்துல இருக்கீங்கம்மா, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றீர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காததால் ஐந்து வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொன்னீர்கள். உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அந்த வரி ஏன் தவறு என்று விளக்குவதற்காக.

அந்த வரி இது: "இறந்தவர் கூடாரத்தைத் தனி ஆளாகக் கட்டி முடித்துவிட்டு, சரிவின் ஓரத்தில் கடைசிக் கயிற்றை இறுக்கும்போது கால் தவறி விழுந்தார்."

கால் தவறியதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கூடாரம்.

அது எட்டுப் பேர் படுக்கும் கூடாரம். நாங்கள் இரண்டு பேர். எட்டுப் பேருக்கு எதற்கு என்று கடையிலேயே கேட்டேன். சின்னதை எந்தக் கழுதையும் கட்டிவிடும் என்றார். நடுவில் திரை போட்ட இரண்டு அறை, ஐந்து வளைகம்பு, முப்பத்திரண்டு முளை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்த ஒரு மழைவிரிப்பு. பெட்டியின் மேல் நான்கு பேர் சேர்ந்து கட்டுவதுபோல் படம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

அவருடைய தொழில் உங்களுக்குத் தெரியும். கம்பெனி கம்பெனியாகப் போய்க் கூட்டு முயற்சி பற்றி வகுப்பு எடுப்பார். நாலு பேர் சேர்ந்து உழைத்தால் எப்படி முன்னுக்கு வரலாம் என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, முடிவில் தான் தனி ஆளாகக் கட்டிய கூடாரத்தின் படத்தைத் திரையில் காட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வந்ததில்லை.

அந்தப் படங்களை எடுத்தது நான். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கம்பு. சில படங்களில் ஓரத்தில் என் கட்டைவிரல் தெரியும். அதை வெட்டிவிட்டுத்தான் திரையில் போடுவார்.

என் தொழில் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பது. பட்டறையில் எட்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, விரல் நீள ஊசியால் இரட்டைத் தையல் போட்டு, மெழுகு தேய்த்து, ஓரத்தில் பித்தளை வளையம் அடிக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் துணி வழியாக இறங்காது, தையல் வழியாகத்தான் இறங்கும். இது எனக்கு இருபது வயதில் தெரியும். அவருக்குச் சாகும்வரை தெரியாது. ஆனால் உறவுக்காரர்கள் யாராவது டென்ட் வாங்குவதென்றால் யோசனை கேட்பது அவரிடம்தான், அவரும் தையலைப் பற்றி அரைமணி நேரம் சொல்வார். ஊருக்கு உபதேசம் செய்ய ஆள் வேண்டுமே.

மூன்றாவது வருஷம் வளைகம்பு ஒன்று துள்ளி என் வாயில் அடித்தது. முன்பல் இரண்டு போயிற்று. அவர் அதை அவசரப்பட்டு நிமிர்த்தினார், நான் மறுமுனையைப் பிடித்திருந்தேன். உண்மையைச் சொன்னால் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தது வெளியே வந்துவிடும். அதனால் நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். குளியலறையில் வழுக்கி விழுந்த மனைவி என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. என் நாத்தனாரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் கை நீட்டினானா என்று விசாரித்தாள். இது அவர் காதுக்கும் போனது. பெண்டாட்டியை அடிப்பவன் என்ற பேர் வந்தாலும் பரவாயில்லை, டென்ட் கட்ட உதவி தேவைப்பட்டவன் என்ற பேர் வரக்கூடாது என்று இருந்துவிட்டார். கொள்கைப் பிடிப்பு என்றால் அதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு தடவை சொன்னேன். நாத்தனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடைமழையில் ஒற்றை ஆளாகக் கட்டிய கதையை அவர் ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் நடுக்கம்பை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். "நானும்தான் பிடிச்சேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இவ கார்ல நல்லாத் தூங்கிட்டு இருந்தா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரின் கணவர், புருஷன் பேரில் பங்கு கேட்கிறாள் பாருங்கள் என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

இனி அந்த நாள்.

ஏரிக்கு மேலே இருக்கும் அந்த மேட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சரிவின் ஓரத்திலிருந்து பத்தடியில் இடம் பார்த்தார், ஏரி முழுவதும் தெரியும் என்று. காற்று பின்னாலிருந்து சரிவைப் பார்த்து அடிக்கிறது, முதலில் காற்றுப் பக்கத்து முளைகளை அடித்துவிடலாம் என்றேன். "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்றார். வழக்கம்போல முன்வாசலில் ஆரம்பித்தார். ஒரு முளைகூடச் சரியாக இறங்கவில்லை, அடியில் பாறை. மழைவிரிப்பை விரித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றார். அதன் கயிற்றைக் காற்றுப் பக்கத்தில் நின்று நான் பிடித்திருந்தேன்.

"விட்ராத" என்றார்.

பெரிய காற்று ஒன்று வருவது புல் சாய்வதிலேயே தெரிந்தது. விரல்களைத் திறந்தேன்.

கயிறு கையை அறுத்துக்கொண்டு நழுவியது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், நல்ல மனிதர். என் உள்ளங்கையை வந்து பாருங்கள். பதினெட்டு வருஷம் தார்ப்பாய் இழுத்துக் காய்த்துப்போன தோல் இது, இதை எந்தக் கயிறும் அறுக்காது. நானாக விட்டேன். விரிப்பு அவரையும் சேர்த்து இரண்டு எட்டு பின்னால் தள்ளியது. மூன்றாவது எட்டுக்குத் தரை இல்லை. விரிப்பு ஒரு முட்புதரில் மாட்டிக்கொண்டதால் தப்பியது. நல்லவேளை.

பன்னிரண்டு அடி கீழே ஒரு பாறைத் திட்டில் விழுந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"மசமசன்னு நிக்காத, கார்ல பெரிய கயிறு இருக்கு, எடுத்துப் போடு" என்று கத்தினார்.

கயிறு இருந்தது உண்மை. ஆனால் அந்த இடத்தில் முளை இறங்காது என்று சொன்னேன் அல்லவா. கூடாரத்தின் காற்றுப் பக்கத்தைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டினால்தான் நிற்கும். அதற்கு அந்தக் கயிறு முழுசும் தேவைப்பட்டது. ஒரே கயிறுதான் இருந்தது. இருப்பதை வைத்துக்கொண்டுதானே குடும்பம் நடத்த வேண்டும்.

பெரிய கூடாரத்தை ஒற்றை ஆளாகக் கட்டுவது அப்படியொன்றும் பிரம்ம வித்தை இல்லை, ஐயா. குறுகலான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிப் படுக்கப்போட வேண்டும். காற்றுப் பக்கத்தை முதலில் கட்டிவிட வேண்டும். கம்புகள் ஐந்தையும் படுக்கை வசத்திலேயே நுழைத்துவிட்டு, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். அப்புறம் காற்றே தூக்கிக் கொடுக்கும். நாலு பேர் வேலையை அது ஒன்றே செய்யும், அதோடு வம்புக்குப் போகாமல் இருந்தால் போதும். பதினோரு வருஷம் நாங்கள் அதோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது கம்பு நிமிர்ந்தபோது கீழேயிருந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். டென்ட் கட்டுகிறேன் என்றேன். உடனே நடுக்கம்பை முதலில் நிமிர்த்தக்கூடாது என்று யோசனை சொன்னார். இடுப்பு ஒடிந்து கிடக்கும்போதும் கற்றுக்கொடுக்கிற ஆர்வம் போகவில்லை, பாருங்கள்.

பட்டறை மெழுகுக் கட்டி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். தையல் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். கீழ்விரிப்பின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் விழும் மழை அப்படியே உள்ளே ஓடிவரும், அதனால் சுற்றிலும் உள்பக்கமாக மடித்துவிட்டேன். மழைவிரிப்பு உள்துணியைத் தொடாமல் ஒரு கை அகலம் இடைவெளி விட்டேன். தொட்டால் அந்த இடத்தில் கசியும். இதெல்லாம் அவசரத்தில் வராது, நிதானமாகத்தான் செய்ய வேண்டும்.

அதற்குள் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். கல்யாணமான புதிதில் சொன்னது. அப்புறம் "ஏய்", "இந்தா", உறவினர் முன்னால் "இவ". முழுப் பெயரையும் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. மெழுகு தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழை பிடித்தது. நைலான் கயிறு நனைந்தால் தொய்யும், அதனால் மழை தொடங்கிய பிறகு ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கினேன். உள்ளே போய் உட்கார்ந்து மேலே பார்த்தேன். தையல்களில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. ஐயா, எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். மணி நாலே முக்கால்.

வெளியே வந்து ஓரத்தில் நின்று, அங்கிருந்து டென்ட்டின் உச்சி தெரிகிறதா என்று கேட்டேன். மல்லாந்து கிடந்தார், முகத்தில் மழை அடித்தது. தெரிகிறது என்றார். நேராக நிற்கிறதா என்று கேட்டேன்.

"நேரா இருக்கு" என்றார். குரல் தேய்ந்துபோயிருந்தது. "நல்லாக் கட்டியிருக்க. நீதான் கட்டின. எப்பவும் நீதான். எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். போன் மட்டும் பண்ணு."

"நிஜமாச் சொல்வீங்களா?"

"சத்தியமா."

உடனே போன் செய்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்புக்காரர்கள் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அவர்கள் கீழே இறங்கியபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். எப்போது விழுந்தார் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் காரில் தூங்கிக்கொண்டிருந்தேன், தெரியாது என்றேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கேட்பானேன். நான் காரில் தூங்குகிறவள் என்று அவரே பதினோரு வருஷமாகச் சொல்லி எல்லோரையும் பழக்கி வைத்திருந்தார்.

அந்தப் பொய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மழைக்கு ஒதுங்கிய மீட்புக்காரர் ஒருவர் டென்ட்டுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டினவர் பெரிய கைகாரர் என்றார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அதே பேச்சு. யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். என் நாத்தனாரின் கணவர் என் எதிரில் உட்கார்ந்து, "போறதுக்கு முன்னாடி எப்படி ஒரு டென்ட் கட்டிட்டுப் போயிருக்கான் பாரும்மா, ஒத்த ஆளா" என்று தேம்பித் தேம்பி அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் உங்கள் அறிக்கையும் வந்தது, அதிலும் அதே வரி.

கயிற்றை விட்டது நான். பெரிய கயிற்றைப் போடாதது நான். ஒன்றேமுக்கால் மணி நேரம் யாரையும் கூப்பிடாமல் இருந்ததும் நான். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்க எதுவுமில்லை. ஆனால் அந்த வரியில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டால்தான் கடைசித் தாளில் கையெழுத்துப் போடுவேன். உண்மையில் இதற்கு நான் வந்திருக்கவே வேண்டாம். சத்தியம் செய்த மனிதர் இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருந்தால் அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். எதையும் கடைசிவரை செய்து முடிக்கிற பழக்கம் அவரிடம் இருந்ததில்லை.